நட்சத்திரம் கைமாறிய வரிசை

என் மாமாவுக்கு நீளமாக எதுவும் பிடிக்காது. அம்மாவுக்கு அவர் போடும் தபால் கார்டில் முகவரி எழுதிய பக்கம்தான் நிறைந்திருக்கும். மறுபக்கத்தில், "சனி வருகிறேன். மீன்." என்று மட்டும் இருக்கும். மீன் என்றால் அன்றைக்கு மீன் குழம்பு வைக்க வேண்டும் என்று அர்த்தம். அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடத்தை மிச்சம் பிடிச்சு இவன் என்னதான் பண்ணப் போறானோ" என்பாள்.

பட்டணத்தில் ஒரு பெரிய ஆபீசில் மாமாவுக்கு வேலை. தபால் பிரிவில் உட்கார்ந்து கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, கணக்கில் கெட்டிக்காரர் என்று அவரை அந்த அறைக்கு மாற்றினார்கள். எங்கள் அஸ்தினாபுரத்தில் அந்த மெஷினைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் மாமா சொல்வதுதான் எங்களுக்கு வேதம். ஏசி போட்ட அறை, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்றார். அப்படியானால் அதுவும் நம் கோயில் மாதிரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் சர்ச்சிலும் அதுதான் வழக்கம்.

அங்கே மாமாவின் வேலை மெஷினுக்கு உத்தரவு எழுதுவது. ஒரு வரி உத்தரவுக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை போட்டுத்தான் மெஷினிடம் எதையும் சொல்ல முடியும். மற்றவர்கள் செங்கல் சுமப்பதுபோலக் கட்டுக் கட்டாக அட்டைகளைச் சுமந்துகொண்டு போவார்களாம். மாமாவின் அட்டைகள் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதில் அவருக்கு இருந்த பெருமையை அவர் சொல்ல வேண்டியதே இல்லை, பையைத் தட்டிக்கொள்வதிலேயே தெரிந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தபோது பையைத் தட்டிக்கொள்ளவில்லை. தட்டில் மீனைப் பிட்டு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"என்னடா, கேட்டியேன்னு வெச்சுக் குடுத்தா மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்றாள் அம்மா.

"நிக்க மாட்டேங்குதுக்கா."

"எது?"

"மெஷின்."

அம்மா துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. தாறுமாறாக இருக்கும் எண்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த மாமா உத்தரவு எழுதியிருக்கிறார். மெஷின் வரிசைப்படுத்திவிடுகிறது. ஆனால் அது எப்படிப் படிப்படியாகச் செய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருடைய ஆபீசர் கேட்டிருக்கிறார். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும். மாமா எண்களை நட்சத்திரமாக்கிவிட்டார். ஐந்து என்றால் ஒரு வரியில் ஐந்து நட்சத்திரம், பத்து என்றால் பத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் மெஷின் ஒரு படம் அச்சடிக்கும். குட்டை வரிகள் மேலேயும் நெட்டை வரிகள் கீழேயுமாக நகர்வதைத் தாளில் பார்க்கலாம். அதுவும் சரியாகவே நடந்தது. வரிசை முழுவதும் ஒழுங்காகிவிட்டது. அதற்குப் பிறகும் மெஷின் நிற்கவில்லை. ஒழுங்கான அதே படத்தைத் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ளியது. தாள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்த பிறகு கரண்ட்டை நிறுத்தித்தான் அதை அடக்கினார்களாம்.

"அத்தனை தாளையும் பாத்துட்டேன். ஒரு நட்சத்திரம்கூட நகரல. எல்லாம் அப்படியே நிக்குது. ஆனா வேலை முடியலன்னு சொல்லுது."

"அதுக்கு?"

"திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா பழைய சீட்டுக்கே போன்னுட்டார்."

"கவர் ஒட்டுனாலும் சம்பளம் வருமில்ல?"

மாமா தட்டை நகர்த்தி வைத்தார். அதில் மீன் துண்டு ஒன்று முழுசாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை என்பதால், இது பெரிய ஆபத்து என்று எனக்கு உடனே புரிந்தது.

அன்று சாயங்காலம் தெருவில் கேரல் ஒத்திகை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போக வேண்டும், பிள்ளைகளைத் தயார் செய்வது அம்மாவின் பொறுப்பு. கேக் கிடைக்கும் என்பதால் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். உயரப்படி நிற்க வேண்டும், குட்டை முன்னால். முன்னால் நிற்பவர் கையில்தான் நட்சத்திரம். மூங்கில் சிம்பில் கலர்த் தாள் ஒட்டி, உள்ளே டார்ச் பல்பு வைத்து, கம்பில் கட்டியது.

அந்த நட்சத்திரத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று நான், இன்னொன்று பக்கத்து வீட்டில் இருந்த என் அத்தை மகள். வருஷம் முழுவதும் நான்தான் உயரம், நீதான் குட்டை என்று சண்டை போடுவோம். டிசம்பர் வந்தால் இருவரும் குட்டையாகிவிடுவோம். அவளுக்கு நட்சத்திரம் பிடித்தால் தெருவே தன்னைப் பார்க்கும் என்று ஆசை. எனக்கு ஆசை வேறு. நான் கூச்சக்காரன். நட்சத்திரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். அன்று காலை அம்மா தையல் டேப்பை எடுத்து எல்லோரையும் காம்பவுண்டு சுவரில் நிறுத்தி அளந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே கோடுதான் விழுந்தது.

சாயங்காலம் வரிசை பிடிப்பதற்குள் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லோரிலும் நெட்டையான சைக்கிள் கடைக்காரர் மகன் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். "நான் குனிஞ்சுகினு வர்றேன் ஆண்ட்டி" என்றான்.

மாமா கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். "நீ உக்காருக்கா. பசங்களா, ஒரே ரூல்தான். நான் உன் தோளைத் தட்டுனா திரும்பிப் பாரு. பின்னாடி நிக்கிறவன் உன்னைவிட ஒசரம் இல்லன்னா, அவனை முன்னாடி விட்டுட்டு நீ பின்னாடி போ. அவ்வளவுதான். யாருமே இடம் மாறாம ஒரு சுத்து வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது."

"மெஷினுக்குச் சொன்னதையா இதுங்களுக்கும் சொல்ற?" என்றாள் அம்மா.

"ஆமா. இதுங்களாவது நிக்குதான்னு பாக்கலாம்."

சைக்கிள் கடைக்காரர் மகனின் தோளில் முதல் தட்டு விழுந்தது. அவன் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் போனான். மறுபடி தட்டு, இன்னும் ஓரடி. தட்டத் தட்ட, ஒவ்வொருவராக முன்னால் விட்டுக்கொண்டே கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தான். "இன்னாடா இது, நான் சும்மா நின்னுகினுதான் கீறேன், வரிசை என்னைத் தாண்டிப் போவுது" என்றான். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் இழுக்கவில்லை. சில சுற்றிலேயே படிக்கட்டு மாதிரி வரிசை வந்துவிட்டது. அம்மா, "அட" என்றாள்.

முன்னால் நான், நட்சத்திரம் என் கையில். மாமா அடுத்த சுற்றை ஆரம்பித்தார். தோளில் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் அத்தை மகள். என்னைவிட உயரம் இல்லை. ரூல்படி அவளை முன்னால் விட்டேன். நட்சத்திரமும் போயிற்று. ஓர் இடம் மாறிவிட்டதே, அதனால் இன்னொரு சுற்று. இப்போது அவள் தோளில் தட்டு. திரும்பினாள். பின்னால் நான், அவளைவிட உயரம் இல்லை. என்னை முன்னால் விட்டாள். நட்சத்திரம் வந்தது. மறுபடியும் ஒரு சுற்று.

மற்ற எல்லோரும் சிலை மாதிரி நிற்க, நாங்கள் இருவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தோம். டார்ச் பல்பு ஆடிக்கொண்டே இருந்தது.

"டேய், பேஜார் பண்ணாதீங்கடா, கால் வலிக்குது" என்று கடைசியிலிருந்து குரல் வந்தது. "கல்யாணத்துல மாலை மாத்துற மாதிரி கீது."

தெருவே சிரித்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அம்மா, "யாராவது ஒருத்தர் நில்லுங்களேன்" என்றாள்.

"ரூல் அப்படித்தான் சொல்லுது அத்தை" என்றாள் அவள், என்னை முன்னால் விட்டபடியே. நானும் நிறுத்தவில்லை. பெரியவர்கள் சொன்னதைச் செய்துகொண்டே இருப்பதுதான் கூச்சக்காரனுக்கு வசதி. நிறுத்த வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

மாமாதான் தட்டுவதை நிறுத்தினார். கை அந்தரத்தில் நின்றது.

"திரும்ப மாறுங்க" என்றார். மாறினோம்.

"இன்னொரு தரம்." மாறினோம்.

மாமா அப்படியே தெரு மணலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அண்ணே, மயக்கமா? சோடா வாங்கியாரட்டா?" என்று ஓடிவந்தான் சைக்கிள் கடைக்காரர் மகன்.

மாமா எழுந்தார். வேலியில் சாத்தியிருந்த அவன் சைக்கிளை எடுத்து, குரோம்பேட்டை ஸ்டேஷன் இருக்கும் திசையில் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணே, என் வண்டிண்ணே" என்று அவன் கத்தினான்.

"டேய், செருப்பு" என்று அம்மா கட்டிய தொண்டையோடு கத்தினாள். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது.

நானும் அத்தை மகளும் நட்சத்திரத்தைக் கீழே வைத்தோம். மாமாவை அழவைத்துவிட்டோம். வேலையும் போய், நாங்களும் அவர் பேச்சை நிறைவேற்றாமல் போய், மனிதர் வெறுங்காலோடு எங்கேயோ போய்விட்டார்.

"நீ நின்னிருக்கலாமில்ல" என்றாள் அவள்.

"நீ நின்னிருக்கலாமில்ல" என்றேன் நான். அன்று நான் பேசியது அவ்வளவுதான். குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடி, ஆண்டவரே என்னை ஓர் அங்குலம் உயரமாக்கும் என்று கேட்டுக்கொண்டேன். டிசம்பரில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம், மண் படிந்த கால். கேரியரில் மடிப்பு மடிப்பான ஒரு பெரிய தாள் கட்டு. உள்ளே வந்து அதைக் கூடத்திலிருந்து சமையலறை வரை பிரித்துப் போட்டார்.

"உக்காந்து பாருங்க. இது நீங்கதான்."

அம்மா டேப்பில் அளந்து சுவரில் குறித்திருந்த எங்கள் உயரங்களையே நினைவில் வைத்திருந்து மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் முழங்காலில் நின்று தாளின் மேல் கவிழ்ந்தோம். எல்லாவற்றிலும் நீளமான நட்சத்திர வரி ஒன்று, முதல் படத்தில் மேலே இருந்தது, அடுத்த படத்தில் அடியில் போய் நின்றது. "அய்ய, அது நான்தான்" என்று சைக்கிள் கடைக்காரர் மகன் அடையாளம் கண்டுகொண்டான். சைக்கிள் போன வருத்தம் அவனுக்கு அதோடு தீர்ந்தது. பிறகு ஆளாளுக்குத் தங்கள் வரியில் விரலை வைத்துக்கொண்டு படம் படமாகச் சமையலறைப் பக்கம் தவழ்ந்தார்கள். வரிகள் ஒழுங்கானதற்கு அடுத்தாற்போல் தாள் வெறுமையாக இருந்தது. மாமா அந்த வெள்ளைத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க நின்னுடுச்சுக்கா."

அம்மா உள்ளே போய் முந்தின நாள் குழம்பைச் சுட வைத்தாள்.

முதல் இரண்டு வரிகளும் ஒரே நீளம். "மாமா, இதுல நான் எது?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். "தெரியலடா. அதுதான் வம்பே" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் பையிலிருந்து இரண்டு மைசூர்பாகுப் பொட்டலம் எடுத்து, ஒன்றை எனக்கும் ஒன்றை அத்தை மகளுக்கும் கொடுத்தார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பெப்பர்மின்ட்தான்.

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். மெஷினைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மாமா வயதான பிறகு ஒருநாள் எனக்கு விளங்கும்படி சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஆபீசர் கொடுத்த எண்களில் இரண்டு சமமாக இருந்தனவாம். சமமானவர்களையும் அந்த உத்தரவு மாற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரே நீளமுள்ள இரண்டு நட்சத்திர வரிகள் இடம் மாறினால் தாளில் யார் கண்டுபிடிப்பது? எல்லாம் அசையாமல் நிற்பதுபோலத்தான் தெரியும். முகம் இருந்ததால்தான் நாங்கள் மாறியது தெரிந்தது. "பின்னால் இருப்பவன் குட்டையாக இருந்தால் மட்டும்" என்று ஓர் அட்டையை மாற்றினார், மெஷின் நின்றது.

அதெல்லாம் அன்று எங்களுக்கு எப்படித் தெரியும். கேரலில் ஒரு வீட்டுக்கு நான், அடுத்த வீட்டுக்கு அவள் என்று நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு தபால் கார்டு வந்தது. "நின்றது. நானும் மெஷின் அறையிலேயே. ஞாயிறு வருகிறேன். மீன்." மாமாவின் கணக்கில் அது நீளமான கடிதம். அம்மா அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

அத்தை மகளும் நானும் கலந்து பேசினோம். சொன்னபடி நிற்காமல் மாமாவை அழவைத்ததற்கு மைசூர்பாகு கிடைத்திருக்கிறது. ஏன் என்று புரியவில்லை, ஆனால் வழி புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டைத் திறந்தபோது நாங்கள் வாசலில் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தோம். அவர் தோளில் தட்டவில்லை. இருந்தாலும் நான் அவளை முன்னால் விட்டேன். அவள் என்னை முன்னால் விட்டாள். மாமா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது நிறுத்தினால் மைசூர்பாகு வரும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் நிறுத்தவில்லை.