பூவிலேயே பேசிய ஆறு மரங்கள்

காலை ஆறே கால் மணி. பொறியியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று அரசாங்கம் எடுத்துவிட்டிருந்த சமயம், ஜூலை மாதம். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் எங்கள் வீடு. மகளை எழுப்பலாம் என்று போனேன். படுக்கை காலி. அவளுடைய பள்ளிக்கூடப் பையைக் காணோம். ஆணியில் தொங்கிய என் மழைக்கோட்டும் இல்லை.

அன்று சாயங்காலம் நானும் அவளும் பஸ் ஏறினால்தான் மறுநாள் சென்னையில் கலந்தாய்வுக்குப் போய் நிற்க முடியும். முந்தின நாள் அது பற்றித்தான் வீட்டில் சண்டை. சென்னையிலேயே ஒரு கல்லூரி, கம்ப்யூட்டர் படிப்பு என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அவள் கோயம்புத்தூரில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்க போய்ச் சொல்றேன்ப்பா" என்றாள். "அங்க போய் என்ன சொல்றது? உன்கூட ஒருத்தரைத்தான் உள்ளே விடுவாங்க. அந்த ஒருத்தர் நான்தான்" என்று கத்தியிருந்தேன். அழுதுகொண்டே படுக்கப் போனவளைத்தான் இப்போது காணவில்லை.

மனைவி அடுப்படியில் நின்று நிதானமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "எங்க போயிருக்கப் போறா, அங்கதான்..." என்று அவள் ஆரம்பித்தது காதில் விழுந்தது. மிச்சத்தைக் கேட்க நான் அங்கே இல்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோட்டுக்கு வந்தால் பஸ்ஸும் வேனுமாக வரிசை கட்டி நிற்கிறது. ராத்திரி அடித்த காற்றில், அருவிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே விழுந்துவிட்டதாம். விடிவதற்கு முன் கிளம்பிய வண்டியெல்லாம் அப்படியே நிற்கிறது. டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், ஒரு கால்ல உங்க செருப்பு, ஒரு கால்ல வீட்டுக்காரம்மா செருப்பு. என்ன சோலியா இவ்வளவு வெள்ளனே?"

இந்த பஸ்களில் ஏதோ ஒன்றில் அவள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூடுபனியில் என் மூக்குக் கண்ணாடி வேறு மங்கிப் போய், ஒரே மாதிரி பின்னல் போட்ட பெண்ணெல்லாம் என் மகளாகவே தெரிந்தாள். யாராவது கூட வந்திருப்பார்களோ, எவ்வளவு தூரம் போயிருப்பாளோ என்று என்னென்னவோ யோசித்தேன்.

ஐந்தாவது பஸ்ஸில் ஏறினால், மொத்த பஸ்ஸும் பேரிக்காய் தின்றுகொண்டிருந்தது.

"பொண்ணா? மழைக்கோட்டு போட்ட பொண்ணா?" என்றார் மதுரைக்காரர் ஒருவர், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "நாலு வண்டி தள்ளிப் போகுது பாருங்க. கொஞ்சம் குறைச்சுக் குடும்மான்னு கேட்டேன். 'ரோடு திறந்ததும் கீழ போயி வாங்கிக்கங்க அண்ணாச்சி'ன்னுட்டா! கெட்டிக்காரி சார். உங்க மகளா?"

கீழே இறங்கி ஓடினேன். முழங்கால் வரை தொங்கும் என் மழைக்கோட்டோடு, முதுகில் பள்ளிக்கூடப் பையும் இடுப்பில் கூடையுமாக, ஒரு வேன் ஜன்னலில் பேரம் பேசிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "அப்பா! நல்லவேளை வந்தீங்க. சில்லறை இருக்கா?" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

பிறகுதான் கதை தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பேரி மரங்களைப் பூவிலேயே பேசி விடுவது வழக்கம். மாசியில் மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும்போதே, காய் இவ்வளவு வரும் என்று மனக்கணக்குப் போட்டு, தோட்டக்காரருக்கு ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆலங்கட்டி விழுந்தாலும் காற்றடித்தாலும் நஷ்டம் பேசியவருக்கு. நன்றாகக் காய்த்தால் லாபமும் அவருக்கே. சனி ஞாயிறுகளில் சாக்லேட் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசை என் மகள் ஆறு மரத்தில் போட்டிருந்தாள். பேங்கில் போட்டால் பணம் தூங்குகிறது என்று அவள் அடிக்கடி சொன்னபோது, சம்பளமும் வைப்பு நிதியும் தவிர வேறொன்றும் தெரியாத அரசு எழுத்தரான நான் சிரித்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மரத்துக்கும் காவல் இருந்திருக்கிறாள். ராத்திரிக் காற்றுக்குப் பயந்து விடியுமுன்னே தோட்டத்துக்கு ஓடியவள், வண்டிகள் நிற்பதைப் பார்த்ததும் விழுந்த காயை அள்ளிக்கொண்டு விற்கக் கிளம்பிவிட்டாள். மனைவிக்கு எல்லாம் தெரியும்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன், பின்னாலேயே வந்து சேர்ந்த மனைவியிடம்.

"சொன்னா மாசியிலேருந்தே மரத்தடியில நின்னு, காய் காயா அண்ணாந்து பாத்துப் பயந்துக்கிட்டிருப்பீங்க. காலையில சொல்ல வாயத் திறந்தேன். என் செருப்பையும் மாட்டிக்கிட்டு ஓடிட்டீங்க."

தோட்டத்துக்குப் போனோம். தரை தெரியவில்லை, அவ்வளவு காய் விழுந்து கிடந்தது. தோட்டக்கார அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். "இன்னைக்குள்ள பொறுக்காட்டி ஏலாது சார். இந்த வாசத்துக்குக் காட்டுமாடு வந்திரும். வேலியும் போயிரும், மரமும் போயிரும். பேசின வீட்டு ஆளு ஒருத்தர் கூடவே நிக்கணும்" என்றார்.

அன்று பகல் முழுக்க நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் உற்சாகமாக இருக்கிறது. மனைவியும் தோட்டக்கார அம்மாவும் பொறுக்கினார்கள். மகள் அடிபட்டது தனி, நல்லது தனி என்று பிரித்தாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாகப் போனேன். முதல் இரண்டு வண்டியில் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் "பேரிக்கா, பேரிக்கா" என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை விழித்து அழுதது. நின்றிருந்த வண்டி ஒன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் பியூன் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஆபீஸ்ல லீவு லெட்டர் குடுத்திட்டுத்தான் வந்தீங்களா?" என்றான். அவனுக்கும் விற்றேன்.

மூன்று மணிக்கு மேல் மரத்தை அறுத்து ரோட்டைத் திறந்தார்கள். வரிசை கலைந்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கின. எங்கள் பஸ்ஸும் போகும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு மரத்தடியில் இன்னும் பொறுக்கவில்லை. மரத்தின் மேலேயும் காய் இருந்தது.

மகள் ஒரு காயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் போகாவிட்டால் சீட்டு போய்விடும். நான் அவளோடு போனால், மாசியிலிருந்து அவள் காத்த மரத்துக்கு ராத்திரி மனைவிதான் தனியாகக் காவல் நிற்க வேண்டும். நான் நின்றால், உள்ளே அவள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கல்லூரிதான் என்று விரலை நீட்ட நான் இருக்க மாட்டேன். அவளுடைய அம்மா அப்படி நீட்டக்கூடியவள் இல்லை.

முந்தின நாளிலிருந்தே சட்டைப் பையில் வைத்திருந்த கலந்தாய்வு அழைப்புக் கடிதத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். "நீ கூடப் போ" என்றேன். மகளிடம், "நீயே பாத்து எடு" என்றேன். அந்த மூன்று வார்த்தை சொல்வதற்குள், காலையில் பஸ் பஸ்ஸாக ஓடியதைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். மழைக்கோட்டு முழுக்கப் பேரிக்காய் வாசம்.

இரண்டு நாள் தோட்டத்திலேயே கிடந்தேன். காட்டுமாடு வேலி வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் என்ன எடுத்தாள் என்று போனில் கேட்கக் கை துறுதுறுத்தது, கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் ஹாஸ்டலில் போன் எடுக்கத் தாமதமானால் அந்தக் காலி படுக்கை கண் முன்னால் வந்துவிடும். ஆனால் அவள் பிழைத்துக்கொள்வாளா என்ற பயம் மட்டும், அந்த பஸ் வரிசையில் அவளைப் பார்த்த நிமிஷத்தோடு என்னை விட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை பஸ் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்தாள். பின்னால் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"கோயம்புத்தூர்ப்பா. உணவுத் தொழில்நுட்பம். மரத்துல போட்ட காசு வந்துருச்சு, மேலயும் கொஞ்சம் நிக்கும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது.

"உச்சிக் கொம்புல அவ்வளவும் அப்படியே கெடக்கு! ரெண்டு நாளா என்னதான்ப்பா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"