அமெரிக்கக் கல்லறைக்குத் தர்மபுரிக் கல்

எங்கள் தொழிலில் பொருளைக் கடைசியாக அனுபவிக்கிறவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வாங்கிக் கொடுக்கிற சொந்தக்காரர்கள்தான் உயிரை எடுப்பார்கள். தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறையில், அமெரிக்காவுக்குப் போகும் கல்லறைக் கற்களில் பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலை. வாடிக்கையாளர் முன்னால் வாய் பொத்தி நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

காலி இடம்

அங்கே கணவர் இறந்தால், மனைவியின் பெயரையும் பிறந்த வருடத்தையும் அதே கல்லில் வெட்டச் சொல்கிறார்கள். இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட வேண்டும். நாங்கள் அனுப்பும் போட்டோவைப் பார்த்து அந்த அம்மாளே "அழகாக இருக்கிறது" என்று பதில் அனுப்புவார். பாலிஷ் போடும் செல்வி அக்கா, முதன்முதலில் அப்படி ஒரு கல்லைத் துடைக்க வந்தவர், விஷயம் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"உசுரோட இருக்கற மகராசிங்க அவுங்க. நல்லாருக்கணும்னு சாமிய கும்புட்டுட்டு வந்து தொடைக்கறங்க."

ஆலைப் படம்

ஒரு மகன், தன் அப்பா வேலை பார்த்த இரும்பு ஆலையைக் கல்லில் பொறிக்கச் சொன்னார். ஆலையை எப்போதோ மூடி, இடித்தும் விட்டார்களாம். பொம்மிடியிலிருந்து வரும் அந்தோணி அண்ணன் வைர ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, புகைபோக்கிகள், வரிசை வரிசையாக ஜன்னல்கள், ஷிப்ட் முடிந்து வாசலில் வரும் கூட்டம் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார். பட்டறையே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. இவ்வளவு பெரிய ஆலையும் இல்லாமல் போகுமா என்று நான் மலைத்துப் போனேன்.

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். "நம்ம பக்கம் கம்பெனி எப்ப வரும்னு பாத்துட்டு கெடக்கறோம். அங்க கம்பெனிக்கே கல்லு வெக்கறாங்களே."

வரி

பிறகு வெளிநாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா வரியை ஏற்றியது. எங்களிடம் கல் வாங்கும் அங்குள்ள ஏஜென்ட் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொன்னார். பெயர் வெட்டிய கல்லை வேறு யார் தலையில் கட்டுவது? இப்படியே போனால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வீடியோ காலில் ஏஜென்டிடம் காரணம் கேட்டேன். வெளிநாட்டுக்குப் போன வேலைகளைத் திரும்பக் கொண்டுவரத்தான் என்றார். ஆலைகள் செத்துவிட்டன என்று அங்கே பாதிப் பேர். ஆலைகள் நன்றாகத்தான் ஓடுகின்றன, மெஷின் வந்து ஆட்கள்தான் குறைந்தார்கள் என்று மீதிப் பேர். டிவியில் ஓயாத சண்டையாம். அங்கே கல் வேலைக்கு ஆள் இருக்கிறார்களா என்று அந்தோணி அண்ணன் கேட்கச் சொன்னார். அதையும் ஏஜென்டிடம் கேட்டேன்.

"இருந்தார்கள். அவர்கள் பெயரைத்தான் நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்."

ஓரம்

தேங்கிய கற்களில் ஒன்றுக்குச் சொந்தக்கார அம்மாள், தானே வீடியோவில் வந்தார். கல் கணவருக்கு. அந்த அம்மாளும் ஒரு காலத்தில் கல்லுக்குப் பாலிஷ் போட்டவராம். இந்தியக் கல் வர ஆரம்பித்ததும் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்களாம். கல்லின் ஓரத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பாலிஷ் போட்டது யார் என்றார். செல்வி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து வந்து நின்றார். திட்டு விழப்போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"இத்தனை வருஷமும் முகம் தெரியாமல் நான் திட்டிக்கொண்டிருந்தது இவரைத்தான். ஓரம் நான் போட்டது போலவே இருக்கிறது. வரியை நான் கட்டிக்கொள்கிறேன், அனுப்புங்கள்."

அந்த ஒரு கல் தொப்பூர் கணவாய் இறங்கித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காக்காரர்கள் தங்கள் ஆலைகளுக்கு நாடி பிடித்துப் பார்த்து முடிக்கும்வரை, மற்ற கற்களோடு நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.