சாமி மேடையில் அரசாங்க அட்டை

கொக்கித் தராசை விட்டத்தில் மாட்டியதும் தெய்வானை முதலில் பிள்ளையைத் தொடமாட்டாள். கூடவே தூக்கி வந்த பிரிக்காத பால்மாவு டின்னைத் துணித் தொட்டிலில் போட்டுத் தொங்கவிடுவாள். முள் ஐந்து ராத்தலைத் தொட்டு நின்றால்தான் அவளுக்கு நிம்மதி. மயிரிழை விலகினாலும் கொக்கியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதுவரை பெற்றவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மிஸ்ஸி சீதா, அதாவது கிளினிக்கின் நர்ஸ், பென்சிலும் கையுமாக நின்று பெருமூச்சு விடுவாள். டின் என்ன நேற்றைக்கு இன்றைக்கு இளைத்தா போய்விடும் என்று அவள் கேட்டால், "டின்னு இளைக்காது மிஸ்ஸி. தராசு பொய் சொல்லும்" என்று பதில் வரும்.

காஜா பெராங் தாய்-சேய் கிளினிக்கின் ஆயா அவள். கிளினிக் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு பெஞ்சு, ஒரு மேசை, அந்த மேசைக்கு லாச்சி என்கிற ஒரு இழுப்பறை. வாடகை, பால்மாவு, மிஸ்ஸியின் சம்பளம், ஆயாவின் கூலி எல்லாம் மாநில அரசின் மானியத்தில் ஓடுகிறது. தெய்வானைக்கு நாற்பது தாண்டிவிட்டது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். எழுதத்தான் தெரியாது, எண் மட்டும் தெரியும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரைக்கூடக் கண்ணாலேயே நிறுத்துவிடுவாள். சந்தைக்குப் போனால், கடைக்காரன் தராசைத் தொடும் முன்பே பூசணிக்காயின் எடையைச் சொல்லி அவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள்.

இந்தப் பைத்தியம் சும்மா வந்ததல்ல. ஜப்பான்காரன் காலம் முடிந்த மறுவருஷம், ரப்பர்த் தோட்டத்தில், அவளுக்கு இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தது. அழாத பிள்ளை. எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருந்தது. தொந்தரவே இல்லாத நல்ல பிள்ளை என்று லயத்து வீடுகளில் எல்லோரும் மெச்சினார்கள். இருபத்தாறாம் நாள் அது கண்ணைத் திறக்கவில்லை. "தூங்குதுன்னுதான் இருந்தேன். இளைச்சது கண்ணுக்குத் தெரியல. அன்னைக்கு யாராச்சும் தூக்கி நிறுத்துப் பாத்திருந்தா..." என்று தொடங்குவாள். மீதியைச் சொல்லமாட்டாள். தராசுக் கொக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறித் தமிழ்ப் பேச்சை விட்டுவிட்ட செட்டிக் குடும்பங்கள் அதிகம். பெயரெல்லாம் நாகம்மா, பாக்கியலட்சுமி என்று நல்ல தமிழ்ப் பெயர், உடுப்பது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். பிள்ளை பெற்றவள் நாற்பத்து நான்கு நாள் வாசலைத் தாண்டக்கூடாது. பந்தாங் என்பார்கள். பிள்ளை கிளினிக்குக்கு வராது, சரி, தராசு பிள்ளையிடம் போகட்டும் என்று தெய்வானைதான் மிஸ்ஸியை இழுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். கதவைத் திறக்க ஒரு நிபந்தனை வந்தது. பந்தாங் முடியும்வரை பிள்ளையின் பெயர் எழுதிய எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. ஆகவே எடை எழுதும் அட்டை பிள்ளையோடு வீட்டிலேயே இருக்க வேண்டும். சட்டப்படி அது கிளினிக் லாச்சியில் இருக்க வேண்டிய அட்டை. மிஸ்ஸி தயங்கினாள். அட்டை பெரிதா பிள்ளை பெரிதா என்று கேட்டுவிட்டு, தெய்வானை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த அட்டை சாமி மேடைக்கு ஏறியது. ஏறியது இறங்கவில்லை. நாற்பத்து நான்கு நாள் என்றது, பிள்ளை குப்புற விழும்வரை என்றாகி, பிறகு நடக்கும்வரை என்றாயிற்று. தோட்டத்திலிருந்து காஜா பெராங்குக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் இதைப் பார்த்து, நமக்கு மட்டும் என்னவாம் என்று அட்டையைக் கேட்டு வாங்கி மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டன. வெள்ளிக்கிழமை வந்தால் அட்டைக்கும் விபூதி, மஞ்சள், குங்குமம். தெய்வானைக்கு இதுதான் ஆகாது. "டாக்டரு படிக்கிற அட்டை இது. இதுக்கு என்னத்துக்குத் துண்ணூறு? பூசினா புள்ளைக்கு ரெண்டு அவுன்ஸ் கூடிருமா?" என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துத் திட்டுவாள். செட்டிப் பெண்களிடம் மலாயில் பேசுகிறவள், திட்டுவதற்கு மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள். அது அவர்களுக்கு நன்றாகவே விளங்கும். சிரித்துக்கொண்டு நிற்பார்கள், அவள் படியிறங்கியதும் மறுபடி பூசுவார்கள்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், எந்தச் செலவை வெட்டலாம் என்று மாநில நிதிக்குழு பார்க்கத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை குழுவுக்குக் கணக்கெழுதும் தலைமைக் கிராணி ராஜரத்தினம் கிளினிக்குக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை டிரவுசர், மடித்த குடை, கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதும் கறாரான மனிதர். நூற்றிருபது ராத்தலுக்கு மேல் போகாது என்று தெய்வானை மனசுக்குள் நிறுத்துக்கொண்டாள். அவர் பெஞ்சைப் பார்த்தார், இரண்டே பெண்கள். லாச்சியை இழுத்தார், பதினொரு அட்டை.

"பதினொரு பிள்ளைக்கு ஒரு கிளினிக்கோ?" என்று தனக்குத்தானே சொன்னபடி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை குழு கூடுகிறது என்றும், பதினொன்று என்று எழுதினால் மானியம் நின்றுவிடும், கதவு சாத்தப்படும் என்றும் மிஸ்ஸி தெய்வானைக்கு விளக்கிச் சொன்னாள். கூலி போவது கிடக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி டவுனில் இருக்கிறது. பந்தாங்கில் இருப்பவள் அங்கே போகப்போவதில்லை. அப்புறம் தூங்குகிற பிள்ளையை யார் தூக்கிப் பார்ப்பது? தன் கையால் எடுத்துக் கொடுத்த அட்டையே கிளினிக்கின் கழுத்துக்குக் கத்தியாக வந்துவிட்டதே என்று அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அட்டைகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினாள். முதலில் நாகம்மா வீடு. அவளுடைய பிள்ளைக்கு இருபத்து நான்காம் நாள். விஷயத்தைச் சொன்னதும் நாகம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "பெலும் லகி, ஆயா" என்றாள்; இன்னும் நாள் ஆகவில்லையே என்று அர்த்தம். வேறு எதை வேண்டுமானாலும் கேள், பிள்ளையின் பெயரை வெளியே கொண்டுபோகக் கேட்காதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தெய்வானைக்குக் கை நீளவில்லை. அப்படி எடுத்துவிட்டால் இனி இந்தக் கதவு தராசுக்குத் திறக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருபது வீடு ஏறி இறங்கியதில் தேறியது ஒரே ஒரு அட்டை. அதுவும் அந்தப் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டதனால்.

புதன்கிழமை காலை கிராணியின் ஆபீஸ் திறக்கும் முன்பே அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். ராஜரத்தினம் கூப்பிட்டதும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

"அப்ப, அரசாங்கத்தின்ர அட்டையைச் சாமி அறையிலயோ வச்சிருந்தனீர்?"

"தப்பு என்னுது துவான். மிஸ்ஸிமேல ஒண்ணும் இல்ல. என்னை வேணா எடுத்துருங்க, கிளினிக்க எடுத்துராதீங்க."

நாளைக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தால் எண்ணிக்கொள்கிறேன் என்றார் அவர். அட்டை வராது என்றாள் இவள். வராத அட்டையை எப்படி எழுதுவது, கண்ணால் பார்க்காமல் ஒரு எழுத்து எழுதமாட்டேன் என்று அவர் குரலை உயர்த்தினார். அதற்குத்தானே இவளும் காத்திருந்தாள்! "அதான் துவான், கண்ணால பாருங்கன்றேன். வீட்டுக்கு வாங்க" என்று எழுந்து நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், குடையை எடுத்தார்.

உச்சி வெயிலில் வீடு வீடாக ஏறினார்கள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பூட்ஸைக் கழற்ற வேண்டும், மறுபடி குனிந்து மாட்ட வேண்டும். ஐந்தாவது வீட்டில் அவர் கயிறு கட்டுவதை விட்டார். பத்தாவது வீட்டுக்குப் பிறகு பூட்ஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு மேடையிலும் விளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் படிந்த அட்டை ஒன்று இருந்தது. கைக்குட்டையால் விபூதியை ஒதுக்கிவிட்டு எண்களைப் படித்துக் குறித்துக்கொண்டார். தெய்வானை, எண் மறையும்படி பூசியிருந்தவர்களை முறைத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

நாகம்மா வீட்டில் அவர் நின்றுவிட்டார். அந்தப் பிள்ளையின் அட்டையில் ஆறேகால் ராத்தல், ஆறு, ஐந்தே முக்கால், பிறகு ஆறேகால், ஆறரை. நடுவில் இருந்த எண்ணில் விரலை வைத்தார்.

"இது ஏன் குறைஞ்சது?"

"தாய்க்குப் பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல், துவான். புள்ள தூங்கிக்கிட்டே இருந்துச்சு. பாத்தா நல்ல புள்ள. தராசுதான் சொல்லுச்சு." முந்தானையால் அட்டையின் ஓரத்து மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை வீடே அதிரும்படி அழ ஆரம்பித்தது. ராஜரத்தினம் சிறிது நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். இன்னும் எத்தனை வீடு மிச்சம் என்று மட்டும் கேட்டார். பொழுது சாயும்போது, லாச்சியில் இருந்ததையும் சேர்த்து அறுபத்து மூன்று பிள்ளைகள் அவருடைய புத்தகத்தில் ஏறியிருந்தார்கள்.

வியாழன் முழுவதும் தெய்வானைக்கு இருப்புக்கொள்ளவில்லை. டின்னை மூன்று முறை நிறுத்தாள். சாயங்காலம் நான்கு மணிக்குப் பியூன் சைக்கிளில் கடுதாசி கொண்டுவந்தான். மிஸ்ஸி நின்றபடியே படித்தாள். மானியம் வரும் ஆண்டுக்கும் தொடரும். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதையும் இனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு அட்டை, வெள்ளை வீட்டுக்கு, நீலம் லாச்சிக்கு. தெய்வானை அப்பாடா என்று தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று நாளாக மறந்திருந்த பசியெல்லாம் அந்த நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. மளிகைக் கடையிலிருந்து கோப்பியும் நான்கு பன்னும் தருவித்து, மிஸ்ஸிக்கு ஒன்று கொடுத்துவிட்டு மூன்றைத் தானே தின்றாள். ஒரு வருஷத்துக்குத்தானே ஆயா என்று மிஸ்ஸி இழுத்தாள்.

"ஒரு வருஷத்துல எம்புட்டுப் புள்ள நடந்துரும் மிஸ்ஸி!"

மறுவாரம் நீல அட்டைகள் வந்தன. மிஸ்ஸி நாகம்மாவின் பிள்ளைக்கு முதல் அட்டையை எடுத்து, பந்தாங் முடியும்வரை பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஏழு ராத்தல் என்று குறித்து, மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனாள். தெய்வானை அதை எடுத்து ஊதி மையை உலர்த்தினாள். லாச்சியை இழுத்தாள். ஒரு தடவை வாசலைப் பார்த்தாள், ஒரு தடவை பின்பக்கம் பார்த்தாள். பிறகு இடுப்புச் செருகலிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, எண்ணில் படாமல், அட்டையின் மூலையில் ஒரு விரல் விபூதியை இட்டு, லாச்சியைச் சத்தமில்லாமல் மூடினாள்.