கொழுகொழு கன்னம்

போன வருஷம் துர்கா பூஜைக்குச் சில வாரம் முன்பு, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே உள்ள எங்கள் பிளாட்டில் நடந்தது இது.

ஆறு வயது மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. சிறுநீரில் புரதம் வெளியேறிவிடும், உடம்பு வீங்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும். சளி பிடித்தால் திரும்ப வரும். தினமும் காலையில் சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பது என் கணவர்தான். பட்டை மஞ்சளாகவே இருந்தால் விசிலடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வருவார். பச்சையானால் வெகுநேரம் வெளியே வரமாட்டார்.

இதில் ஒரு கொடுமை, அந்த மாத்திரை முகத்தை ஊதவைக்கும். அப்போதெல்லாம் எதிர் பிளாட் வங்காளி அம்மாள், அவன் காக்கிமா என்று கூப்பிடும் சித்தி, அவன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவார். லிஃப்டில் வருபவர்கள்கூட என்ன ஊட்டுகிறாய் என்று கேட்பார்கள். நோய் அடங்கி, மாத்திரை குறைந்து, முகம் வற்றினாலோ, பிள்ளையைப் பட்டினி போடும் அம்மா நான்தான். சிரித்து மழுப்பியே எனக்கு அலுத்துவிட்டது. கும்பகோணத்தில் இருக்கும் மாமியாருக்கும் விஷயம் தெரியாது. சொல்லவே கூடாது என்பது கணவரின் பிடிவாதம்.

பூஜை நெருங்கும் நேரம் சளி வந்தது, பட்டை பச்சையானது. மறுபடி மாத்திரை, மறுபடி உப்பில்லாத சாதம். முகம் நன்றாக ஊதிவிட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடியோவில் அழைத்தார். மகன் அப்பாவின் மடியில் இருந்தான்.

"இப்பதான்டா என் பேரன் பாக்க அழகா இருக்கான்" என்று பூரித்துப்போனார்.

"ஆமாம்மா, நல்லா சாப்பிடறான்" என்றார் கணவர்.

பக்கத்தில் உப்பில்லாத பருப்பைப் பிசைந்துகொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழைப்பு முடிந்ததும் இனியாவது உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று கத்தினேன். அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்றார். என் நிம்மதியைப் பற்றி யாருக்கு அக்கறை என்று கேட்டேன்.

மகன் என்னைப் பார்த்தான்.

"அம்மா, உடம்பு சரியில்லைன்னாதான் எல்லாருக்கும் என்னைப் பிடிக்குது. எனக்குச் சரியாக வேண்டாம்மா."

கணவர் எழுந்து பால்கனிக்குப் போனார். அழுகிறார் என்று தெரிந்தது. போய்த் தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நோய் அடங்கியிருக்கிறது, முகமும் வற்றிவிட்டது. சில நாள் கண்ணாடி முன் நின்று கன்னத்தை ஊதிப் பார்க்கிறான். வீங்கிய முகமே அழகு என்று கும்பகோணத்துக்காக ஆமாம் போட்ட பொய்யை மடியில் உட்கார்ந்து கேட்ட என் பிள்ளையும் நம்பிவிட்டானே என்ற கசப்பு மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.