சங்கக்கடைச் சிவப்புப் பூ

ஒரு விடுகதை: கடை ஒன்று, முதலாளி நூறு பேர், வேலைக்காரன் ஒருவன். அது என்ன? கடையில் நின்று கால் கடுத்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: சங்கக்கடை, ஊரவர் பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவுக் கடை. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒட்டுசுட்டானுக்கு அருகே காடு வெட்டிக் குடியேறியவர்களின் சங்கத்தில் அந்த வேலைக்காரன் நான்.

யாருடைய கதிரை?

கடையில் இருந்தது ஒரே கதிரை. நான் அரிசி நிறுக்க எழுந்தால் போதும், வேலுப்பிள்ளையண்ணை உள்ளே வந்து அதில் அமர்ந்துவிடுவார். அவரும் அங்கத்தவர், எப்படி எழுப்புவது? ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"கடை எங்கட எண்டால் கதிரையும் எங்கடதானே தம்பி? நீர் நிண்டுகொண்டு நிறும்."

கைதூக்கித் தெரிந்தெடுத்த துணி

அதுவரை வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு உடுப்பு எடுப்பதென்றால், வயலில் நிற்கும் நெல்லையே பட்டணத்துக் கடைக்காரருக்குப் பேசிக் கொடுத்துவிடுவார்கள். அறுவடைக்குப் பின் வீட்டில் மிஞ்சுவது வைக்கோல். அதை நிறுத்தத்தான் சங்கமே துணி எடுத்தது. இது தேங்கினால் இனித் துணி வியாபாரமே இல்லை என்பதும் தீர்மானம்.

எந்தத் துணி என்பதைப் பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். வென்றது, சாப்பாட்டுக் கோப்பை அளவில் சிவப்புப் பூப் போட்ட சீத்தைத் துணி.

துணி வந்தது, பெண்களும் வந்தார்கள். விரித்துப் பார்த்துவிட்டு, மடித்தும் தராமல் திரும்பினார்கள். வேலுப்பிள்ளையண்ணையின் மனைவி அன்னம்மாக்கா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கை தூக்கின ஆம்பிளையளே இதை உடுத்திக்கொண்டு பொங்கலுக்குப் போகட்டும்!"

அண்ணையின் சேட்டு

வேலுப்பிள்ளையண்ணை ரோசக்காரர். அந்தச் சீத்தையிலேயே சேட்டுத் தைப்பித்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஊரைச் சுற்றினார். நெஞ்சில் ஒரு பூ, முதுகில் ஒரு பூ. பெரியவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். துணிச்சுருள் மட்டும் அசையவில்லை. எனக்கு நித்திரையும் இல்லை.

பொங்கல் நெருங்கியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து தன் தம்பி அனுப்பிய நீலத் துணிக்கு நூல் வாங்க அன்னம்மாக்கா வந்தார். கூட வந்த சின்ன மகள் தவமணி சிவப்புப் பூச் சுருளைத் தடவிக்கொண்டு நின்றாள். "எது வேணும், நீயே சொல்லு," என்று நீலத்தை அவள் கையில் வைத்தார் தாய், பதில் தெரிந்தவர்போல. தவமணி நீலத்தைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியவே, தவமணி வாங்கிப்போன துணியைக் கண்ட மற்றப் பிள்ளைகள் தாய்மாரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பொங்கலன்று கோயில் வீதியெல்லாம் சிவப்புப் பூ. சுருள் முடிந்திருந்தது, எனக்கு மூச்சு வந்தது. வேலுப்பிள்ளையண்ணை என் தோளில் தட்டினார்.

"பாத்தீரே தம்பி, அண்டைக்கு நாங்கள் கை தூக்கினதில என்ன பிழை?"

ஊர் கூடிக் கைதூக்கியும் விலைபோகாத துணி விலைபோனது இப்படித்தான்: சங்கத்தில் வாக்கில்லாத தவமணி சிவப்புப் பூவை எடுத்தாள்.