நான் சுத்தம் செய்த சத்தம்

1. புகார்

“அண்ணே, நீங்க பண்ணிக் குடுத்தப்புறம் முன்னவிட மோசமாயிடுச்சி. நான் சொல்றதுல பாதி எழுத்து அந்தப் பக்கம் போவவே மாட்டேங்குது.”

பரங்கிப்பேட்டையிலிருந்து ஃபரிதா இப்படி போன் செய்தபோது, சிதம்பரத்தில் எங்கள் லேப்டாப் சர்வீஸ் கடையில் நான் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள்தான் அவருடைய லேப்டாப்பைச் சரிசெய்து, “இனிமே ஸ்டூடியோ குவாலிட்டிம்மா” என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த வார்த்தையை நான் எல்லாரிடமும் சொல்வேன். ஸ்டூடியோவை வாசலில் நின்றுகூடப் பார்த்ததில்லை.

ஃபரிதா ஆலிமா படிப்பு, அதாவது பெண்களுக்கான இஸ்லாமிய மார்க்கக் கல்வி, படித்தவர். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறார். கணவருக்கு வளைகுடாவில் வேலை போய், ஊரோடு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீடு நடப்பது இந்த வகுப்பால்தான். சத்தம் சரியில்லை என்று சிலர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துவிட்ட ஒரு சிங்கப்பூர் அம்மா, இந்த வெள்ளிக்கிழமை வகுப்பும் இப்படியே இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் போனால் அத்தனை பேரும் போவார்கள்.

அந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே நான்தான். விண்டோஸ் திணறும் மெஷின் எது வந்தாலும் அதை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுவிடுவேன். போட்டதோடு விடமாட்டேன், ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று உட்காரவைத்து விளக்கவும் செய்வேன். என் மச்சான் குமார், கடையில் ஹார்டுவேர் பார்ப்பவன், அடிக்கடி சொல்வான்: “மாமா, நீங்க வாயத் தொறந்தா கஸ்டமர் செருப்பத் தேடுறாங்க.”

2. வைத்தியம்

நான் என்னதான் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பிரச்சினை ஸ்பீக்கரில். சத்தம் குறைவாக, கரகரவென்று வந்தது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ஆல்சாமிக்ஸரைத் திறந்தேன். லினக்ஸில் சவுண்ட் கார்டின் அளவுகளையெல்லாம் காட்டும் திரை அது. ஸ்பீக்கர் அளவு பாதியில் நின்றது, ஏற்றினேன். கரகரப்புக்குக் காரணம், மின்சாரத்தை மிச்சப்படுத்த சவுண்ட் கார்டு அடிக்கொரு தரம் தூங்கிப்போவது. பவர் சேவிங்கை ஆஃப் செய்தேன். கரகரப்பு போயிற்று. ஒரு நல்ல மெக்கானிக் இதோடு மூடி வைத்துக் கொடுத்துவிடுவான்.

நான் மைக்குக்குப் போனேன். லேப்டாப் மைக்கில் சீலிங் ஃபேன் இரைச்சல் ஜாஸ்தியாக விழுந்தது. அதற்கு லினக்ஸில் ஒரு நாய்ஸ் ஃபில்டர் இருக்கிறது. எது பேச்சு, எது இரைச்சல் என்று அதுவே பிரித்து, இரைச்சலை வெட்டி எறிந்துவிடும். பெருமையோடு அதைப் போட்டு, அளவைக் கடைசிவரை ஏற்றினேன். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்று ரெக்கார்ட் செய்தேன். கண்ணாடி மாதிரி கேட்டது. குமாரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

“நல்லாத்தான் மாமா இருக்கு. உங்க குரல மட்டும் ஒண்ணும் பண்ண முடியல போலருக்கு” என்றான்.

3. பழி

அப்பேர்ப்பட்ட வேலையை ஒருவர் மோசம் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? “நெட்டு வீக்கா இருக்கும்மா, மாடிக்குப் போயி பாருங்க” என்றேன். அந்த வெயிலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். சரியாகவில்லை. “சத்தமாப் பேசுங்கம்மா” என்றேன். பேசினார். தொண்டை கட்டிக்கொண்டது. “அவங்க பக்கம் ஹெட்போன் சரியில்லாம இருக்கும்” என்று சிங்கப்பூர் வரைக்கும் பழியைக் கொண்டுபோனேன். என் கடை தவிர உலகத்தில் எல்லா இடத்திலும் கோளாறு இருந்தது.

ஃபரிதா கோபப்படவில்லை. “அண்ணே, நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுங்கண்ணே. எனக்கு வேற வழி தெரியல” என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் வண்டியை எடுத்தேன்.

4. பரங்கிப்பேட்டை

ஃபரிதாவின் கணவர் கதவைத் திறந்து, “வாங்கண்ணே, டீ சாப்புடுங்க” என்றார். வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வழக்கப்படி மைக் முன்னால் போய், “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று ஆரம்பித்தேன். தெளிவாகத்தான் பதிவானது.

“நல்லாத்தானம்மா இருக்கு?”

“அண்ணே, நான் ஹலோ சொல்லியா குடுக்கறேன்?” என்றார் ஃபரிதா.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை வருஷத் தொழிலில் எந்தக் கஸ்டமரையும், உங்கள் வேலையை என் முன்னால் ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று நான் கேட்டதே இல்லை. எழுந்து இடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். ரெக்கார்ட் செய்து போட்டுக் கேட்டோம்.

அரபியில் சில எழுத்துகள் தொண்டைக்குள்ளிருந்து ஏறக்குறைய மூச்சாகவே வருகின்றன. ஓதுகிறவர்கள் அதைச் சரியாகக் கொண்டுவரத்தான் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். ரெக்கார்டிங்கில் அந்த எழுத்துகள் வரவேண்டிய இடமெல்லாம் மொட்டையாக இருந்தது. நான் போட்ட ஃபில்டருக்கு ஃபேன் காற்றும் ஆலிமாவின் மூச்சும் ஒன்றுதான். அவர் எதைச் சொல்லிக்கொடுக்கிறாரோ அதையே இரைச்சல் என்று பொறுக்கி எடுத்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. பாவம், தொண்டை கட்டக் கட்டக் கத்தினாரே என்று நினைத்தபோது என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஃபில்டரை எடுத்தேன். எழுத்துகள் வந்தன, கூடவே ஃபேனும் வந்தது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போனோடு வந்த சாதாரண ஒயர் இயர்போனைச் செருகி, அதன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் குத்திக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான் வைத்தியம்.

வகுப்பு ஆரம்பித்தது. அறைக்குள் வேர்த்து ஊற்றியது. ஃபரிதா ஓத, அங்கிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பி ஓதினார்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை; ஃபரிதாவின் முகத்தைப் பார்த்தே சரியா தப்பா என்று தெரிந்துகொண்டிருந்தேன். கடைசியில் அந்தச் சிங்கப்பூர் அம்மா திரைக்கு வந்தார்.

“ஆலிமா, இப்பதான் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக் கேக்குது. புள்ளைங்க உங்ககிட்டயே ஓதட்டும்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆனா உங்க பின்னாடி யாரோ ரொம்ப நேரமா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுறாங்க” என்றார்.

ஃபரிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்தேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் குமார் கேட்டான்: “என்ன மாமா, சரியாயிடுச்சா? மைக்குக்குப் புதுசா என்னா போட்டீங்க?”

“ஒண்ணும் போடலடா. நான் போட்டத எடுத்துட்டு வந்தேன்.”