ஞாயிற்றுக்கிழமைக் கரையில் ஒரு பாடம்

பெரியதாழை ஜெர்லினுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாயர்புரத்தில் கம்ப்யூட்டர் படித்தபோதே, வகுப்பில் ஓடுகிற ஸ்லைடுகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு, "இதத் தொட்டா பேசுத மாதிரி செஞ்சா என்ன?" என்று பக்கத்தில் இருப்பவளைப் பிடுங்கி எடுத்தவள். இப்போது தூத்துக்குடியில், இணையவழிப் பாடங்கள் தயாரிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் அதையே செய்து சம்பளமும் வாங்குகிறாள்.

அப்படிப்பட்டவள் கையில் மீனவர்களுக்கான கடல் பாதுகாப்புப் பாடம் கிடைத்தால் விடுவாளா? சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. அண்ணன் ரெக்சன் கடலுக்குப் போகிறவன். மீனவர் சங்கத்தில் கொடுத்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை அவன் ஒரு நாளும் போட்டதில்லை. டிவி பார்க்கும்போது தலைக்கு வைத்துக்கொள்வான். பாதுகாப்பு வகுப்பு என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவான். அவனை ஜாக்கெட் போட வைத்தே தீருவது என்று ஜெர்லின் ஒற்றைக் காலில் நின்றாள்.

தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினாள். கடற்கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற படம், தொட்ட இடத்தில் பேசுகிற குரல், சாமான்களை விரலால் இழுத்து மீன்பிடி வள்ளத்தில் ஏற்றுகிற விளையாட்டு, எடுக்கும் முடிவுக்கு ஏற்பப் பாதை மாறும் கதை.

முதலாளி சிவப்பிரகாஷ், ஓட்டப்பிடாரத்துக்காரர், பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, சாம்பார்லயே பாயசத்தையும் ஊத்துனா எப்படி? ஏதாவது ஒண்ண வச்சுக்கோ."

"ஒண்ண மட்டும் வச்சா தூங்கிருவாங்க சார். கதை எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்."

"சரி, சனிக்கிழம உங்க ஊர்ல காட்டிப் பாரு. எடுபடலன்னா திங்கக்கிழம பாடம் கேட்டவங்களுக்குச் சாதா ஸ்லைட அனுப்பிருவேன்."

சனிக்கிழமை மாலை, சங்கக் கட்டடத்தில் ஆளுக்கொரு டேப்லெட். திரையில் பெரியதாழைக் கரை விரிந்தது. வானம் தெளிவு, காற்று சாந்தம். 'கடலுக்குப் போகலாமா?' என்று கேட்டது.

ரெக்சன் 'வேண்டாம்' என்று அழுத்தினான். பாடம் முடிந்தது. பக்கத்தில் அவன் கூட்டாளி கிளாட்வினும் 'வேண்டாம்'. சொல்லிவைத்த மாதிரி எல்லோருமே 'வேண்டாம்'. நல்ல வானிலையில் இவர்கள் மறுப்பார்கள் என்று ஜெர்லின் கனவிலும் நினைக்கவில்லை. அந்தப் பாதையில் ஒன்றுமே வைக்கவில்லை. வந்த வேகத்தில் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அவள் பின்னாலேயே ஓடி அண்ணனை மறித்தாள். "ஏண்ணே, வேணும்னே செஞ்சியளா?"

"ஏளா, நல்லாப் பாரு. எல்லா வள்ளமும் கரைல கெடக்கு. கோயில் வாசல்ல கூட்டம். நாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்?"

அலுவலகம் லீவு என்று அவள் படம் எடுக்க வந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்! சர்ச்சில் பூசை நாளான அன்றைக்கு இந்தக் கரையில் ஒரு வள்ளமும் இறங்காது என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜெர்லின் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை அப்படியே நின்றது. இவர்கள் அதைப் படம் என்றே நினைக்கவில்லையே! நிஜக் கரையில் நின்று அல்லவா முடிவெடுத்திருக்கிறார்கள்! சந்தோஷத்தில் அவளுக்குப் புல்லரித்தது.

படத்தை அவள் மாற்றவில்லை. காலியாகக் கிடந்த 'வேண்டாம்' பாதையில் அன்று ராத்திரியே மொத்தப் பாடத்தையும் கொண்டுபோய் வைத்தாள். கடலுக்குப் போகாத நாளில் இவர்கள் என்ன செய்வார்கள்? வலையையும் எஞ்சினையும் சரிபார்ப்பார்கள். அப்படியே மறுநாளைக்கு வேண்டியதை ஏற்றட்டும். எதை மறந்தார்களோ, அதற்குத் திங்கட்கிழமை அலை பதில் சொல்லும்.

மறுநாள் பூசை முடிந்ததும் சங்கக் கட்டடம் அமளிதுமளிப்பட்டது. "ஏலே கிளாட்வின், நீ முங்கிட்டலே!" "நீ மட்டும் என்னவாம்?" பார்க்க வந்த சிவப்பிரகாஷே திரையில் இரண்டு தடவை மூழ்கினார்.

ரெக்சனும் ஜாக்கெட்டை ஏற்றாமல் போய், அலையில் கவிழ்ந்து மூழ்கினான். திரை இருண்டது. இருட்டுக்குள்ளே போன் மணி அடித்தது. அம்மா பிலோமினாவின் குரல், ஜெர்லின் பதிவுசெய்து வைத்திருந்தது: "ஏலே, எங்கன இருக்க? சோறு ஆறிப் போவுது." மறுபடி மணி. எடுக்க ஆளில்லை.

ரெக்சன் யாரையும் பார்க்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"இதையே அனுப்பிருவோம்மா," என்றார் சிவப்பிரகாஷ், நெற்றியைத் தேய்க்காமல்.

திங்கட்கிழமை விடியுமுன் வீட்டில் எதையோ உருட்டுகிற சத்தம். "ஏளா, என் தலகாணிய எங்கன வச்ச?"

"டிவிக்குப் பின்னால பாருண்ணே."

படுக்கையை உதறிவிட்டு அவள் வாசலுக்கு ஓடினாள். தெருமுனை திரும்பும்வரை அந்த ஆரஞ்சு நிறம் தெரிந்துகொண்டே இருந்தது.